நாலு தந்தி, ஒரு சுரம்

அத்தியாயம் 17

பெற்ற மகளோடு ஒன்றரை மணித்தியாலம் ஒரே அறையில் இருப்பதற்கு ஸ்காபரோவில் இன்றைய விலை இருபத்தைந்து டொலர். வரி தனி.

ஒத்திகை அறையின் வாடகை எழுபத்தைந்து. பாடுகிறவள், ட்ரம் அடிக்கிறவள், பேஸ் கிற்றார் வாசிக்கிறவள் என்று மூன்று பங்கு. சந்திரவதனா எந்த விலையையும் பாதியில் இருந்து கேட்கத் தொடங்குகிறவள். மரக்கறிக் கடையில் வெண்டைக்காயின் நுனியை முறித்துப் பார்த்துவிட்டு, நுனி முறிந்த காய்க்கு விலை குறைக்கச் சொல்லுகிறவள். அவள் இந்த இருபத்தைந்துக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. கேட்ட அன்றைக்கே அனுப்பிவிட்டாள். இதைவிட மலிவாக அந்தச் சரக்கு இந்த ஊரில் கிடைக்காது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எந்த விலைக்கும் கிடைக்காது.

செவ்வாய்க்கிழமை அட்சயா ஜப்பானுக்குப் போகிறாள்.

தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரிந்த கதைதான். இடையில் வந்து ஏறியவர்களுக்காக ஒரு கைப்பிடி: இரண்டு வருடத்துக்கு முன் அட்சயாவின் வயலின் அரங்கேற்றம். மண்டபம் நிறைந்த சனம். முன்வரிசை முழுக்க, அப்பா விநாயகமூர்த்தியிடம் வீடு வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும். வர்ணத்தின் நடுவில் பிள்ளைக்கு ஒரு இடம் மறந்துபோனது. வில்லை நிறுத்தினாள். வயலினைத் தரையில் வைத்தாள். எழுந்து பின்கதவால் போய்விட்டாள்.

சனம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் தானும் மேடை கண்ட சந்திரவதனா பட்டுச் சேலையோடு ஏறி, மகளின் இடத்தில் இருந்து, மகளின் வயலினை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வர்ணத்தை முடித்தாள். பிறகு கீர்த்தனை. பிறகு தில்லானா. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. "தாயல்லோ!" என்றார்கள்.

வெளியே கார்களுக்கு நடுவில் நின்ற மகளுக்கு அந்தக் கைதட்டல் கேட்டது.

அன்றைக்குப் போனவள்தான். இப்போது வெக்ஸ்போர்ட்டில் ஒரு அறை எடுத்து இருக்கிறாள். அண்ணன் ஜனார்த்தனோடு மட்டும் பேச்சு. அதற்கும் நிபந்தனை உண்டு: அம்மாவோ அப்பாவோ அவள் இருக்கிற பக்கம் வந்தால் அவனோடும் பேச்சு இல்லை.

அந்த ஜனார்த்தன் மூன்று வாரத்துக்கு முன்னால் தாயிடம் வாய் தவறி இரண்டு விஷயம் சொல்லிவிட்டான். ஒன்று, ஜப்பான். மற்றது, தங்கச்சியின் இசைக்குழுவில் பேஸ் வாசித்த பிள்ளை பனியில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நூடில்ஸ் கடையின் மேல்மாடியில் பிரியாவிடை நிகழ்ச்சி. ஆள் தேடுகிறார்கள். பாட்டெல்லாம் வாசிக்க லேசான ஜப்பானியப் பாட்டுகள், புதிதாகப் பழகுகிறவர்களே போதும்.

"உதுக்கு எத்தினை தந்தி?" என்று கேட்டாள் தாய்.

"நாலு. ஏன்?"

"வயலினுக்கும் நாலுதான்."

ஜனார்த்தன் அப்போதே வாயைத் தைத்திருக்க வேண்டும். அடுத்த நாளே, யாருடைய தாய் என்று சொல்லாமல், 'வதனா அன்ரி' என்ற பெயரில் ட்ரம் அடிக்கிற பிள்ளைக்கு ஒரு செய்தி போனது.

*

சனிக்கிழமை மத்தியானம். ரூஜ் பக்கத்தில் அவர்களுடைய வீட்டு வாசலில், வெள்ளைப் படுக்கைவிரிப்பால் சுற்றிய ஒரு நீளமான பொருளைச் சந்திரவதனா தோளில் சாய்த்துக்கொண்டு சப்பாத்துப் போட முயன்றுகொண்டிருந்தாள்.

"எங்கையப்பா போறீர்?"

விநாயகமூர்த்தி படியில் நின்றார். ஸ்காபரோவின் பஸ் தரிப்பிட வாங்குகளில் பாதியில் விளம்பரப் படமாக அவர் சிரித்துக்கொண்டிருப்பார்: 'உங்கள் கனவு இல்லத்துக்கு மூர்த்தி.' வீட்டில் அந்தச் சிரிப்புக்கு விடுமுறை.

"பிரதீபா வீட்டை. அயன் பலகை கேட்டவ."

"அயன் பலகை உவ்வளவு நீளமோ?"

"அவவின்ர மனுசன் உயரம். சேட்டும் நீளம்."

அவர் அதை யோசித்தார். பிறகு வேறு கவலைக்கு, வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்துக்குப் போய்விட்டார். "ரெண்டு மணிக்கு ஃபேர்னஸ் திருத்துற ஆள் வாறார். மூண்டு கிழமையா பேஸ்மென்ற்றுக்கை டும் டும் எண்டு ஒரு சத்தம். இண்டைக்கு அதுக்கு ஒரு முடிவு கட்டுறன்."

சந்திரவதனா கதவைத் திறந்துகொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

ஜனார்த்தன் பிறம்ரனில் ஒரு லொறிக் கொம்பனியில் எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று அனுப்பிவைக்கிற வேலை பார்க்கிறவன். காலை வேலை முடித்து நேரே காரோடு வந்திருந்தான். நாற்பது லொறிகளைத் திசை மாற்றத் தெரிந்தவனுக்குத் தாயைத் திசை மாற்றத் தெரியவில்லை.

"அம்மா, இப்பவும் திரும்பலாம்."

"நேரே பாத்து ஓடு."

"அவள் என்னை உயிரோட விடமாட்டாள்."

"பரவாயில்லை. எனக்கு ஒருக்கா முகத்தைப் பாத்தால் போதும்."

"தாங்ஸ் அம்மா."

சிறிது தூரம் போனதும் அவனே மறுபடி தொடங்கினான். "போய் என்ன சொல்லப் போறியள்? அவள் எனக்கு என்ன சொன்னவள் தெரியுமோ? 'நான் இல்லாட்டியும் நிகழ்ச்சி நடக்கும் எண்டு அம்மா எல்லாருக்கும் காட்டிப்போட்டா' எண்டு. அதுக்கு மறுமொழி வைச்சிருக்கிறீங்களோ?"

"இல்லை."

"அப்ப?"

"வாய் திறந்தால் போயிடுவாள். நான் கதைக்கப் போகேல்லை. வாசிக்கப் போறன். பாட்டு முடியுமட்டும் நிப்பாள்தானே?"

அவன் நேரே பார்த்து ஓட்டினான்.

மூன்று கிழமையாக அவளுடைய வாழ்க்கை அந்தப் பேஸ்மென்ற்றில்தான். பழைய பேஸ் கிற்றார் ஒன்றை ஒரு பெடியனிடம் பேசி வாங்கினாள். "கிற்றார் எண்டால் ஆறு தந்தியல்லோ, இதில ரெண்டைக் காணேல்லை" என்று தெரிந்துகொண்டே கேட்டாள். பெடியன் விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்து விலையைக் குறைத்தான். பாட்டுகள் ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட சகோதரம் என்பதை இரண்டாம் நாளே கண்டுபிடித்தாள். மேலே குதியும் கும்மாளமும், கடைசிப் பாட்டு மட்டும் மெதுவு. கீழே பேஸுக்கு ஒரு சுரம் எட்டுத் தரம், அடுத்த சுரம் எட்டுத் தரம், நாலு சுரம் சுற்றி வந்தால் மறுபடி வீடு. ஆதி தாளத்துக்கு அளந்து தைத்த சட்டை. தில்லானா வாசித்த விரலுக்கு இது வெட்கக்கேடு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு வலது கை விரல் கொப்பளித்தது. வில் பிடித்துப் பழகிய கை. அதன் நுனிகள் இன்னும் குழந்தை நுனிகள்.

தந்திகளைத் தான் அறிந்த ஒரே முறையில் கூட்டினாள்: ச, ப, ச, ப. வயலினுக்கு நம்மவர் கூட்டுவது போல. சுருதி இரண்டு கட்டை. பாட்டைப் போனில் கேட்பாள், நடையைப் பிடிப்பாள், போனை நிறுத்திவிட்டுச் சுருதிப்பெட்டியோடு வாசிப்பாள். ஜப்பான்காரன் எந்தச் சுருதியில் பாடினால் என்ன? வாசிக்கிறவர் வைப்பதுதான் சுருதி. அவளுக்கு அப்படித்தான் சொல்லித்தந்திருந்தார்கள்.

*

ஒத்திகை அறை வெக்ஸ்போர்ட்டில், காரின் புகைக்குழாயான மஃப்ளர் திருத்தும் கடையொன்றின் பின்பக்கம். கதவைத் திறந்தவள் மெலிசா: ட்ரம் அடிக்கிறவள், மன்னார்ப் பெற்றோரின் பிள்ளை, ஞாயிறு பூசைக்கும் அவள்தான் ட்ரம்.

"வதனா அன்ரியோ? வாங்கோ, வாங்கோ. ஐயோ, பெட்ஷீற்றால சுத்தியிருக்கிறீங்கள், சோ கியூற்!"

உள்ளே அட்சயா முதுகைக் காட்டிக்கொண்டு தன் கிற்றாருக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தாள். பின்னல் இல்லை. கழுத்து தெரிய வெட்டியிருந்தாள். இரண்டு வருடம் காணாத பிள்ளையின் பிடரியை முதலில் பார்க்கக் கிடைத்தது சந்திரவதனாவுக்கு. அதையே அவள் நெடுநேரம் பார்த்திருப்பாள். அட்சயா திரும்பிவிட்டாள்.

திரும்பியபடியே வயரை அழுத்தி மாட்டி முடித்தாள்.

"மெலிசா," என்றாள் அட்சயா கடைசியில், மிக அமைதியாக. "ஆர் உவ?"

"வதனா அன்ரி. ஐ ரோல்ட் யூ. பேஸ்."

"உவ என்ர அம்மா."

மெலிசாவின் கையிலிருந்த தடி ஒன்று கீழே விழுந்து உருண்டு போனது.

அட்சயா வயரைக் கழற்றினாள். பையைத் திறந்தாள். கிற்றாரை உள்ளே வைத்துச் சிப்பை இழுத்தாள். சந்திரவதனா சப்பாத்தைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு, கம்பளத்தில் சப்பாணி கட்டி இருந்தாள். பேஸை மடியில் எடுத்து வைத்தாள். கச்சேரிக்கு இருக்கிற மாதிரி. அவளுக்கு வேறு விதமாக இருக்கத் தெரியாது.

"அன்ரி, கதிரை இருக்கு..."

"பரவாயில்லை பிள்ளை."

"அட்சு." மெலிசா கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "லிசின். நாளைக்கு ஷோ. அந்த நூடில்ஸ் கடைக்காரன் மேல்மாடி முழுக்க ரிக்கற் வித்துப்போட்டான். பேஸ் இல்லாட்டி எங்கட ஐஞ்சு பாட்டும் தகரப் பேணி மாதிரித்தான் கேக்கும். எனக்கு இது தெரியாது, ஐ சுவேர். ஆனா இப்ப வேற ஆள் இல்லை."

"உனக்கு விளங்காது."

"விளங்க வேண்டாம். ஒண்டரை மணித்தியாலம். அம்மா எண்டு நினைக்காதை. பேஸ் எண்டு நினை."

அட்சயா தாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நீங்கள் பேஸ். வேற ஒண்டும் இல்லை."

"ஓம்."

"நான் அம்மா எண்டு கூப்பிட மாட்டன். நீங்களும் பிள்ளை, குஞ்சு எண்டு ஒண்டும் கூப்பிடக்கூடாது."

"ஓம்."

"கதைக்கிறது பாட்டைப் பற்றி மட்டும்."

"ஓம்."

இப்படி ஒரு பேரத்தைச் சந்திரவதனா பிறந்த நாளிலிருந்து பேசியதில்லை. எதிராளி கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். இன்னும் கேட்டிருந்தால் அதற்கும் ஆட்டியிருப்பாள்.

மெலிசா தடியைத் தட்டி எண்ணினாள். வன், ரூ, த்ரீ, ஃபோர்.

வந்த சத்தம் பால்தேத்தண்ணிக்குள் தேசிக்காய் பிழிந்த மாதிரி இருந்தது. தாளம் சரி. எட்டுக்கு எட்டுச் சரி. ஆனால் மகளின் கிற்றார் ஒரு படியிலும் தாயின் பேஸ் அதற்கு ஒரு படி கீழேயும் நின்று, ஒன்றின் காலை ஒன்று மிதித்தன. மெலிசா நிறுத்தினாள்.

"அன்ரி, நீங்கள் எந்தக் கீ?"

"இரண்டு கட்டை."

"வாட்?"

அட்சயா வந்து தாயின் முன் குந்தினாள். ஒரு விரலால் நாலு தந்தியையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். நாலாவதைத் தட்டிய பிறகு கை அப்படியே நின்றது. அவள் அறியாமலே உதடு சொன்னது: "ச... ப... ச... ப."

பிறகு சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"பேஸ் கிற்றாரை வயலின் மாதிரிக் கூட்டி வைச்சிருக்கிறா. மெலிசா, ஓ மை கோட். பேஸ் கிற்றாரை!"

"நாலு தந்திதானே," என்றாள் சந்திரவதனா.

அதற்கும் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது எந்தக் கண்ணீர் என்று தாய்க்குக் கேட்க உரிமை இல்லை. ஒப்பந்தம்.

"தாங்கோ."

மகள் பேஸைத் தன் மடிக்கு எடுத்தாள். முறுக்காணிகளைத் திருகினாள். ஒரு தந்தி ஏறியது, ஒரு தந்தி இறங்கியது. "இது ஈ. இது ஏ. இது டி. இது ஜி. இனி நீங்கள் பழகினது ஒண்டும் உதவாது."

மூன்று கிழமை ஒரு நிமிடத்தில் போய்விட்டது. சந்திரவதனாவின் கையில் இருந்த ஒரே சீட்டு அது.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

இந்தக் கேள்வியை மகளிடம் அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. அட்சயாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெலிசாவின் பையிலிருந்து வெள்ளை ஒட்டு ரேப்பை எடுத்து, கிழித்து, பேஸின் கழுத்தில் நாலு இடத்தில் ஒட்டினாள்.

"ரேப் ஒட்டின இடத்தில விரல். எட்டுத் தரம். பிறகு நான் தலையாட்டுவன், அடுத்த ரேப். வேற ஒண்டும் செய்யக்கூடாது."

ஐந்து வயதில் ஒருத்தியின் சின்ன வயலினில் இப்படி ஒட்டிவிட்டது யார் என்று இருவருக்கும் தெரியும். 

முதல் பாட்டு தட்டுத்தடுமாறி முடிந்தது. இரண்டாவதில் சந்திரவதனாவின் இடது கை பழக்கதோஷத்தில் சுரத்தை ஒரு அசைப்பு அசைத்துவிட்டது.

"பேஸ்! நோ கமகம்!"

"பழக்கம்."

"விடுங்கோ பழக்கத்தை. பொல்லு மாதிரி நேரே நிக்கோணும்."

பொல்லு மாதிரி நின்றாள். மூன்றாவது பாட்டு நன்றாகவே வந்தது. தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது மெல்லக் கேட்டாள்: "ஏன் ஜப்பான்?"

"இது பாட்டைப் பற்றின கதையோ?"

"பாட்டு ஜப்பான்தானே."

மெலிசா தண்ணீர்ப் போத்தலுக்குள் சிரித்தாள். அட்சயா சிரிக்கவில்லை.

"அந்தப் பாஷையில நான் பிழை விட்டால் திருத்திறதுக்கு எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான்."

சந்திரவதனா ரேப் ஒட்டிய இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

அதே நேரம் ரூஜில் ஃபேர்னஸ் திருத்தும் பத்மநாதன் தன் கருவிகளைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

"மூர்த்தி அண்ணை, உங்கட ஃபேர்னஸ் என்னைவிடச் சுகமா இருக்கு."

"அப்ப சத்தம்?"

"எப்பிடிச் சத்தம்?"

"டும் டும் எண்டு. எட்டு எட்டா."

"எட்டு எட்டா அடிக்கிற ஃபேர்னஸை நான் காணேல்லை, அண்ணை." பத்மநாதன் மூலையில் பழைய துணிக்கூடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "உது உங்கட பெட்டியோ? கிற்றாருக்குப் போடுற ஸ்பீக்கர். ஆர் வாசிக்கிறது?"

"இஞ்சை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை."

சொல்லும்போதே விநாயகமூர்த்தியின் கண் சலவை இயந்திரத்தின் பக்கம் போனது. அங்கே அயன் பலகை இருந்தபடியே நின்றது.

"அண்ணை, வந்து பாத்ததுக்கு எண்டு ஒரு சின்ன சார்ஜ் இருக்கு..." என்றார் பத்மநாதன். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

மஃப்ளர் கடை முற்றத்தில் காருக்குள் இருந்த ஜனார்த்தனின் போன் அடித்தது.

"அம்மா எங்கை?"

"பிரதீபா அன்ரி வீட்டை, அப்பா. ஏன்?"

"தம்பி, நான் இருபது வருசமா வீடு விக்கிறவன். எனக்குப் பொய் சொல்லாதை. அது என்ர தொழில்."

ஜனார்த்தன் எல்லாவற்றையும் சொன்னான். பேஸ், நாளைய நிகழ்ச்சி, செவ்வாய்க்கிழமை.

"எவ்வளவு காலத்துக்கு?"

"ஒரு வருசம் எண்டு சொல்லுறாள். ஆனா திரும்பி வாற ரிக்கற் எடுக்கேல்லை."

மறுபக்கம் கார்த் திறப்பு கிலுங்கியது.

"உங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சொல்லோணும் எண்டு ஒருத்தருக்கும் நினைவு வரேல்லை."

"நீங்கள்தானே அப்பா அவளின்ர பேரை வீட்டில எடுக்க வேண்டாம் எண்டனீங்கள்?"

"சொன்னால் அப்பிடியே செய்யிறதோ?" என்று கத்தினார் விநாயகமூர்த்தி. குரல் நடுவில் உடைந்தது. "இடத்தைச் சொல்லு."

சொன்னான். சொல்லிவிட்டு, உள்ளே ஓடிப்போய் எச்சரிப்பதா என்று யோசித்தான். கதவுக்குள்ளால் பேஸ் கேட்டது. ட்ரம் கேட்டது. நடுவில் தங்கச்சியின் குரல். அந்த மூன்றும் ஒன்றாகக் கேட்கிற இடத்துக்குள் போய் நிற்க அவனுக்குக் கால் வரவில்லை.

*

நாலு பாட்டு முடிந்திருந்தது.

"கடைசிப் பாட்டு மெதுவானது," என்றாள் அட்சயா. "தொடங்கேக்கை நானும் பேஸும் மட்டும். மெலிசா பிறகு வருவாள். உங்களுக்கு ஒரு சுரம்தான். ரேப்பும் வேண்டாம், மேல் தந்தியைச் சும்மா தட்டினால் சரி. நான் சொல்லுமட்டும் மாறக்கூடாது."

"அந்தப் பாட்டின்ர கருத்து என்ன?"

பாட்டைப் பற்றிய கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும்.

"வேலையால வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவுடன அவை ஒரு சொல்லுச் சொல்லுவினம். 'வந்திட்டன்' எண்ட மாதிரி. உள்ளுக்கு இருக்கிறவை பதில் சொல்லோணும். இந்தப் பாட்டில அவன் சொல்லுறான், ஆனா உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை." தோளைக் குலுக்கினாள். "சும்மா பொப் பாட்டு."

சந்திரவதனா தந்தியைத் தட்டத் தொடங்கினாள். ஈ. ஈ. ஈ. ஈ. அதன்மேல் மகளின் குரல் ஏறி வந்தது. மேடையில் வில்லைப் பிடித்துக்கொண்டு உறைந்துபோன பிள்ளையின் தொண்டைக்குள் இப்படி ஒரு குரல் இருந்தது என்று தாய்க்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டு அறியவும் இல்லை.

அந்தச் சொல் வந்தது. அட்சயா அதைத் தொடங்கினாள். பாதியில் குரல் நின்றது. மறுபடி முயன்றாள். வரவில்லை. கிற்றாரைக் கழற்றினாள். தரையில் வைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பாரமான கதவு. மெல்ல மூடியது.

சந்திரவதனாவின் விரல் தந்தியில் நின்றுகொண்டேயிருந்தது. ஈ. ஈ. ஈ. ஈ.

மெலிசா கிசுகிசுத்தாள். "அன்ரி, என்ன செய்வம்? நீங்கள் பாடுறீங்களோ? உங்களுக்கு ட்யூன் தெரியும்தானே. முழுக்க ஒருக்கா ஓடிப் பாத்தால்..."

தெரியும். எல்லாம் தெரியும். மூன்று கிழமையில் ஐந்து பாட்டின் மெட்டும் அட்சரசுத்தமாக அவளுக்குள் ஏறியிருந்தது. சொல் தெரியாவிட்டால் சுரமாகவே பாடிவிடுவாள். தொண்டை தானாகவே திறந்தது. விட்ட இடத்திலிருந்து எடுத்து முடிக்கிற அந்த அரிப்பு அவளுடைய இரத்தத்தில் இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். இல்லை.

தட்டினாள். நிறுத்தினால் பாட்டு முடிந்துவிடும். பாட்டு முடிந்தால் பிள்ளைக்குத் திரும்பி வர ஒரு காரணமும் இல்லை. மேலே போனால் அது தாயின் பாட்டாகிவிடும். முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் வராமல் ஒரே இடத்தில், ஒரே சுரத்தில். விரலின் கொப்புளம் உடைந்தது. தந்தி வழுக்கியது. சேலைத் தலைப்பில் துடைக்கிற நினைப்பில் கையை இழுத்தாள். இன்றைக்கு உடுத்தியிருந்தது சேலை இல்லை, குளிர்ச்சட்டை. அப்படியே தட்டினாள்.

கடவுளே, வரச் செய். வராவிட்டாலும் போகாமல் செய்.

நேரம் முடிந்துவிட்டது. அடுத்த முறைக்காரர்கள் தாடியும் தோல்சட்டையுமாகக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். நிலத்தில் சப்பாணி கட்டியிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரே சுரத்தை அடிக்கிற பெண்ணைக் கண்டு, ஏதோ பெரிய வித்தை என்று நினைத்தார்களோ என்னவோ, மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள். மறுபடி திறந்தார்கள். மெலிசா எழுந்து போய் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாள்.

கதவு மூன்றாவது தடவை திறந்தது.

"எவ்வளவு நேரமா உதையே அடிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்?"

சந்திரவதனா கண்ணைத் திறந்தாள். "நீ வருமட்டும்."

"நான் வரேல்லை. கிற்றார் எடுக்க வந்தனான்."

"அதாலதான் நிப்பாட்டேல்லை."

"எக்ஸ்கியூஸ் மீ," என்றான் ஒரு தாடிக்காரன் வாசலில் இருந்து. "இற்ஸ் அவர் ரைம்..."

"வன் மினிற்!" என்றார்கள் தாயும் மகளும் ஒரே குரலில்.

தாடிக்காரன் பின்வாங்கினான்.

அட்சயாவின் கண் சிவந்திருந்தது. "நீங்கள் பாடி முடிச்சிருக்கலாம். முழுப் பாட்டும் உங்களுக்கு வரும். எனக்குத் தெரியும், உங்கட காதை."

"வரும்."

"பிறகேன் பாடேல்லை?"

"அது என்ர இடம் இல்லை." விரல் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தது.  "அண்டைக்கும் என்ர இடம் இல்லை, அட்சயா. அவ்வளவு சனத்துக்கு முன்னால எனக்கு வெக்கமாப் போச்சு. உன்னைத் தேடி வெளியில வந்திருக்கோணும். நான் மேடைக்கு ஏறிப்போட்டன்."

அட்சயா குனிந்து கிற்றாரை எடுத்தாள்.

"இது பாட்டைப் பற்றின கதை இல்லை," என்றாள்.

"இல்லை."

கிற்றாரைப் பைக்குள் போட்டாள். தோளில் மாட்டினாள். கதவுவரை போனாள். திரும்பாமலே நின்றாள்.

"நாளைக்கு ஐஞ்சரைக்குச் சவுண்ட் செக். பிந்தக்கூடாது. கதிரையில இருந்து வாசியுங்கோ. நிலத்தில இருந்தால் பின்னால நிக்கிற ஆக்களுக்குத் தெரியாது." ஒரு மூச்சு. "ரியூனிங்கில கை வைக்க வேண்டாம்."

போய்விட்டாள்.

சந்திரவதனா அப்போதுதான் விரலை எடுத்தாள்.

பேஸைப் படுக்கைவிரிப்பால் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, ஜனார்த்தன் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தான். "அம்மா, நான் சொல்லேல்லை. இல்லை, சொன்னனான். அப்பா கேட்டவர்..."

முற்றத்தின் மறுகரையில் விநாயகமூர்த்தியின் கார் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் வெள்ளையாகப் புகை. அதன் பக்கத்தில், கிற்றார்ப் பையைத் தோளில் போட்டபடி, கையைக் கட்டிக்கொண்டு அட்சயா நின்றாள். கண்ணாடி மூடியிருந்தது. உள்ளே இருந்தவர் இறங்கவில்லை. வெளியே நின்றவள் நகரவில்லை.

"போய் நடுவில நில்லுங்கோ அம்மா! அவர் ஏதும் சொல்லிப்போடுவார். அவள் போயிடுவாள்!"

சந்திரவதனாவின் கால் ஒரு அடி எடுத்து வைத்தது. அந்தக் காலை அவள் திருப்பி எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"நில்லடா," என்றாள் மகனிடம். "அது அவையின்ர இடம்."

கார்க் கண்ணாடி மெல்ல இறங்கத் தொடங்கியது. பாதியில் நின்றது. அதற்கு மேல் இறங்குமா, திரும்ப ஏறுமா என்று இந்தத் தூரத்தில் இருந்து சொல்ல முடியவில்லை.

குளிருக்குள் நின்றுகொண்டு சந்திரவதனா கணக்குப் பார்த்தாள். பழகிய பாட்டு ஐந்து. 'பேஸ்' என்று கூப்பிட்டது நிறைய. 'அம்மா' என்று கூப்பிட்டது இல்லை. 'என்ர அம்மா' என்று சொன்னது ஒருதரம், அதுவும் கோபத்தில், அதுவும் வேறொருத்திக்கு. அதையும் வரவில் வைத்துக்கொண்டாள். முடிந்த பாட்டு நாலு.

ஒன்று பாக்கி.